லிப்போசோம் தடுப்பூசியில் ஐஜிஜி2ஏ வரவில்லையா?

லிப்போசோமில் (நுண்ணிய கொழுப்புக் குமிழியில்) புரதத்தை வைத்துத் தடுப்பூசி போட்டால், சி57 கருப்பு எலிகளில் ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி எகிறுகிறது, ஐஜிஜி2ஏ வகை மட்டும் வரவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். லிப்போசோமைக் குறை சொல்லும் முன், ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனையைப் பாருங்கள். அந்த எலி இனத்துக்கு ஐஜிஜி2ஏ மரபணுவே கிடையாது. அதன் இடத்தில் இருப்பது ஐஜிஜி2சி. எலைசாவில் ஐஜிஜி வகையைக் கண்டறியச் சேர்க்கும் இரண்டாம் நிலை ஆன்டிபாடியை மட்டும் ஐஜிஜி2சி-க்கானதாக மாற்றி, கையில் இருக்கும் சீரத்திலேயே மறுபடி அளந்துவிடலாம்.

அப்போதும் குறைவாக இருந்தால் கலவையைத்தான் சந்தேகிப்பேன். மின்னூட்டமில்லாத வெறும் லிப்போசோம் புரதத்தைச் சுமக்கும், ஆனால் நோயெதிர்ப்பை டிஎச்1 பக்கம் (செல்லுக்குள் புகுந்த கிருமியைத் தாக்கும் வகை; எலியில் ஐஜிஜி2ஏ, ஐஜிஜி2சி அதன் அடையாளம்) திருப்புவது அதற்குக் கடினம். கொழுப்புப் படலத்தில் எம்பிஎல் என்ற தூண்டுபொருளைச் சேருங்கள், நோயெதிர்ப்பு செல்களில் உள்ள டிஎல்ஆர்4 ஏற்பியைத் தூண்டும். கியூஎஸ்-21 என்ற தாவரத் தூண்டுபொருளையும் சேர்ப்பதானால் கொலஸ்ட்ரால் கட்டாயம், இல்லையென்றால் அது செல் சவ்வையே உடைக்கும். அக்கித் தடுப்பூசியான ஷிங்க்ரிக்ஸில் இருக்கும் ஏஎஸ்01 என்ற துணைமருந்து இந்தச் சேர்க்கைதான். அப்புறம், லிப்போசோமின் பங்கைத் தனியாகப் பார்க்க, லிப்போசோம் இல்லாமல் அதே புரதமும் எம்பிஎல்லும் பெறும் குழு ஒன்றையும் தயவுசெய்து வையுங்கள்.