சாயம், சம்பளம், சான்றிதழ்: திருப்பூர் சப்ளையர்கள் பற்றிக் கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 18 வருடமாக மெர்சண்டைசிங்கும் (ஆர்டர் கவனிப்பது) கம்ப்ளையன்ஸும் (விதிப்படி நடக்கிறதா என்று சோதிப்பது) பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சில.

சென்னையில் குழந்தைகள் உடுப்பு விற்கிறேன். சப்ளையர் காட்ஸ் (GOTS) என்கிற ஆர்கானிக் துணிச் சான்றிதழை வாட்ஸாப்பில் அனுப்பினார். அது போதுமா?

போதாதுங்க. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஸ்கோப் சர்டிஃபிகேட்டாக இருக்கும். இந்த யூனிட் ஆர்கானிக் சரக்கு செய்யத் தகுதி பெற்றது என்பதோடு அதன் வேலை முடிந்தது. நீங்கள் வாங்கும் எல்லாப் பீஸும் ஆர்கானிக் பருத்திதானா என்பதை டி.சி. என்கிற ட்ரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட்தான் சொல்லும். அதையும் சும்மா நம்ப வேண்டாம். 2020-ல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று போனதைக் காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. சான்றிதழில் உள்ள பெயரைக் காட்ஸ் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 டேக் இருந்தால்?

துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்திருப்பார்கள். தைத்தவருக்குச் சம்பளம் சரியாகப் போனதா என்பது அதில் வராது.

சாயப்பட்டறையில் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’, அதாவது கழிவுநீரை வெளியே விடுவதே இல்லை என்கிறார்கள். நேரில் போனால் எதைப் பார்ப்பது?

இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கீழே இருந்த விவசாயிகள் இழந்ததை இன்னும் யாரும் முழுசாகத் திருப்பித் தரவில்லை.

கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். இந்தக் காய்ச்சும் வேலைக்குத்தான் செலவு அதிகம். ஏமாற்றுகிறவர்கள் கை வைப்பதும் அங்கேதான். ஒரு பட்டறையில் தரையெல்லாம் பளிச்சென்று கழுவி வைத்திருந்தார்கள். காலை 6 மணியிலிருந்து எவாப்பரேட்டர் ஓடுவதாக லாக் புத்தகத்தில் எழுதியிருந்தது. ஆவி குளிர்ந்து தண்ணீராக வரும் கண்டன்ஸேட் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருக்க வேண்டியது சில்லென்று இருந்தது. அந்த ஆர்டரை நாங்கள் அங்கே கொடுக்கவில்லை.

அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பாருங்கள். அந்த மாதம் எத்தனை கிலோ துணிக்குச் சாயம் போட்டார்கள், சாயம் பிடிக்க எவ்வளவு உப்பு வாங்கினார்கள், கரண்ட் பில் எவ்வளவு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாயம் போட்ட துணி இரண்டு மடங்காகி கரண்ட் பில் அப்படியே நின்றால், தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டே ஆக வேண்டும். காய்ச்சிய பிறகு தேங்கும் கலப்பு உப்பை எங்கே வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மழையில் கரைகிற மாதிரி வெட்டவெளியில் கிடந்தால் அவ்வளவும் நிலத்தடி நீருக்குத்தான் போகும்.

தொழிலாளர் நிலை, பாதுகாப்பு பற்றிய ஆடிட் பாஸ் ஆன கம்பெனியை நம்பலாமா?

2012-ல் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அதற்குத் தொழிலாளர் நிலைக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. ஜன்னல்களில் கம்பி, வாசல்கள் பூட்டு. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், எந்த யூனிட்டுக்குப் போனாலும் முதலில் அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்.

மாதக் கடைசியில் ஒருநாள் சொல்லாமல் போங்கள். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் போட்டார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். தொழிலாளர்களிடம் பேசுவதாக இருந்தால் சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் பேசுங்கள். ஆலைகளில் பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்க 2022-ல் வந்த திண்டுக்கல் ஒப்பந்தத்தில், பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் பயிற்சி கொடுத்து, தையல் லைனில் இருக்கும் பெண்களையே கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் ஆடிட்டரைவிட அவர்கள் கண்ணுக்கு அதிகம் தெரியும்.

இருபது பேரோடு பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். வருகிற பையர் ஒவ்வொருவரும் ஒரு ஆடிட் கேட்கிறார். பீஸ் ரேட் மட்டும் ஏறவில்லை. என்ன செய்வது?

உங்கள் ஆதங்கம் நியாயமானதுங்க. ஷிப்மெண்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது கலரை மாற்றிவிட்டு, ஞாயிறு ஏன் வேலை செய்தீர்கள் என்று கேட்கிற பையர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஞாயிறு வேலைக்கு அவர்களும் பொறுப்பு. எந்தத் தேதியில் யார் மாற்றச் சொன்னார்கள் என்பதை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. கணக்கை மறைக்க வேண்டாம். ரேட் பேசும்போது அதையே எடுத்துக் காட்டுங்கள்.

நூல் மில்வரை விசாரிக்க வேண்டுமா?

கட்டாயம். மூன்று வருட முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வைத்த சுமங்கலி திட்டம் மில்களில்தான் நடந்தது. நூல் எந்த மில்லில் வாங்கினது என்று சப்ளையரிடம் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் ஆர்டரை நிறுத்தி வையுங்கள். சொன்னால் நேரில் போய், விடுதியில் உள்ள பெண்கள் கையில் போன் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடைவீதிக்குப் போய்வர முடிகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.