பெயரை விரித்து வாக்கியமாக்குங்கள்

வணக்கம்.

நான் ஒரு கட்சியின் அனுதாபி. உறுப்பினர் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிரச்சினை கிளம்பியதுமே அதை என்ன பெயரில் குறிப்பிட வேண்டும் என்று செய்தி வந்துவிடும். மாலையில் தொலைக்காட்சி விவாதத்தைப் போட்டால் எங்கள் பேச்சாளர் அதே பெயரைச் சொல்கிறார், எதிர்த்தரப்பு வேறொரு பெயரைச் சொல்கிறது, ஒரு மணி நேரமும் அதற்கே சண்டை. விஷயம் என்ன என்று எனக்குக் கடைசிவரை விளங்குவதில்லை. என் தம்பியோ "எப்படிச் சொன்னால் என்ன, காரியத்தைப் பார்" என்கிறான். இரண்டு கேள்விகள். ஒரு சொல்லுக்கு நிஜமாகவே இவ்வளவு சக்தி உண்டா? நடுநிலையான சொற்களை மட்டும் பயன்படுத்தினால் இதிலிருந்து தப்பிக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்குப் பதில், உண்டு. அமெரிக்காவில் 1972 முதல் நடந்துவரும் 'ஜெனரல் சோஷியல் சர்வே' என்ற கருத்துக்கணிப்பில் 1980களிலிருந்து ஒரு சோதனை செய்துவருகிறார்கள். பதில் சொல்பவர்களைப் பிரித்து ஒரு பகுதியினரிடம் 'ஏழைகளுக்கான உதவி'க்கு அரசு செலவிடுவது போதுமா என்றும், இன்னொரு பகுதியினரிடம் 'வெல்ஃபேர்' (அரசின் மக்கள்நல உதவி) திட்டங்களுக்குச் செலவிடுவது போதுமா என்றும் கேட்கிறார்கள். உதவி என்று கேட்டால் பெரும்பான்மையினர் போதாது என்கிறார்கள். வெல்ஃபேர் என்று கேட்டால் அப்படிச் சொல்பவர்கள் சிறுபான்மை. உழைக்காமல் அரசுப் பணத்தில் உட்கார்ந்து தின்பவர்கள் என்ற படத்தை அந்த ஒரு சொல்லின்மேல் அரசியல்வாதிகள் பல ஆண்டுகள் விடாமல் ஒட்டியதன் பலன் அது. காரியத்தைப் பார் என்கிற உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். எந்தக் காரியம் நடக்கும் என்பதை முடிவு செய்வதே இந்த மாதிரிப் பதில்கள்தான்.

கட்சிகளுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். 1990இல் நியூட் கிங்ரிச் என்ற அமெரிக்க அரசியல்வாதியின் தலைமையில் இயங்கிய குடியரசுக் கட்சிப் பயிற்சி அமைப்பு ஒன்று, நம் தரப்பைப் பேசும்போது இந்தச் சொற்கள், எதிர்த்தரப்பைப் பேசும்போது இந்தச் சொற்கள் என்று பட்டியலே போட்டு வேட்பாளர்களுக்கு அனுப்பியது. 'துரோகிகள்', 'ஊழல்', 'அழுகல்' எல்லாம் எதிரிக்கானவை. பிறகு ஃபிராங்க் லண்ட்ஸ் என்ற ஆலோசகர், 'புவி வெப்பமாதல்' என்றால் மக்கள் பயப்படுகிறார்கள், 'பருவநிலை மாற்றம்' என்று சொல்லுங்கள் என அதே கட்சிக்கு எழுதிக்கொடுத்த குறிப்பு 2003இல் வெளியே கசிந்தது. உங்கள் குழுவில் வரும் செய்தி இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடுநிலைச் சொல் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. அதற்குப் பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்து, வேல்ஸிலும் ஒரு புதிய உள்ளாட்சி வரியைக் கொண்டுவந்தது. அதுவரை வீட்டின் மதிப்பை வைத்து வரி. இனிமேல் ஒரே உள்ளாட்சிப் பகுதிக்குள் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை, அதாவது மாளிகையில் இருப்பவருக்கும் அதே, ஒண்டுக்குடித்தனக்காரருக்கும் அதே. மிகவும் ஏழைகளுக்குக் கழிவு உண்டு, ஆனால் அவர்களும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது கட்டியாக வேண்டும். இதற்கு அரசு வைத்த பெயர் 'கம்யூனிட்டி சார்ஜ்', சமூகக் கட்டணம். படித்துப் பாருங்கள், எவ்வளவு சாதுவாக இருக்கிறது! கோபம் இல்லை, கட்சி இல்லை, நடுநிலையான சொல் வேண்டும் என்று தேடுகிறவர் கையில் முதலில் கிடைப்பது இதுவாகத்தான் இருக்கும். எதிர்த்தவர்கள் 'போல் டாக்ஸ்' என்றார்கள், தலைவரி. 1381இல் இங்கிலாந்தின் விவசாயிகளைக் கிளர்ச்சிக்குத் தள்ளிய வரியின் பெயர் அது. கட்சிச் சார்பான சொல், கோபமான சொல், பழைய காயத்தைக் கிளறுகிற சொல். ஆனால் எந்தப் பெயர் உண்மையைச் சொன்னது? தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் வரியைத் தலைவரி என்றுதான் சொல்ல வேண்டும். 1990 மார்ச் கடைசியில் லண்டனில் கலவரம், நவம்பரில் தாட்சர் பதவி விலகல், 1993இல் அந்த வரியே போய்விட்டது. தாட்சரின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இந்த வரி பெரிய காரணம்.

அதனால் எதிர்ப்பவர்கள் சூட்டும் பெயர் எப்போதும் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் பெரும் சொத்துகள் வாரிசுகளுக்குக் கைமாறும்போது விதிக்கும் வரியை எதிர்த்தவர்கள் அதற்கு 'மரண வரி' என்று பெயர் வைத்தார்கள். சாகிற எல்லோர் வீட்டுக்கும் வரி அதிகாரி வந்து நிற்பார் என்று தோன்றும். உண்மையில் இறப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களின் சொத்துக்குத்தான் இன்று அந்த வரி வருகிறது. தலைவரி என்ற பெயர் யார் கட்டுகிறார்கள் என்பதைக் காட்டியது, மரண வரி என்ற பெயர் அதையே மறைத்தது. நான் பார்ப்பது இந்த வித்தியாசத்தை மட்டும்தான்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் பெயரைக் கேட்டாலும் அதை விரித்து முழு வாக்கியமாக்கிப் பாருங்கள். யார், யாரிடமிருந்து, எவ்வளவு எடுத்து, யாருக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பெயருக்குள் இந்த நாலும் ஒளிந்துகொள்ளலாம், வாக்கியத்தில் அவ்வளவு சுலபமாக முடியாது.

நம் ஊர் விவாதத்தையே எடுத்துக்கொள்வோம். 'கார்ப்பரேட் கடன் தள்ளுபடி' என்று எதிர்க்கட்சிகள் சொல்கின்றன. அது தள்ளுபடியே இல்லை, வெறும் 'ரைட் ஆஃப்', கணக்கியல் நடைமுறை என்று அரசு சொல்கிறது. விவசாயக் கடன் தள்ளுபடி என்றால் அரசு நம் வரிப்பணத்திலிருந்து வங்கிக்குக் கட்டிவிடுகிறது, விவசாயி அதன்பிறகு கடன்காரர் இல்லை. ரைட் ஆஃப் அப்படி இல்லை. வாராக்கடனுக்கு ஈடாக முழுத் தொகையையும் தன் லாபத்திலிருந்து ஒதுக்கி முடித்த வங்கி அதைத் தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுகிறது, கடன் வாங்கியவர் இன்னும் கடன்காரர்தான், வசூலும் தொடரலாம். ஆகவே எதிர்க்கட்சிகள் இரண்டு வேறு விஷயங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அரசின் பதிலையும் விரித்துப் பாருங்கள். ஐந்து நிதியாண்டுகளில் ரைட் ஆஃப் செய்த தொகை சுமார் 10 லட்சம் கோடி ரூபாய், அதே காலத்தில் அத்தகைய கணக்குகளிலிருந்து திரும்ப வசூலானது சுமார் 1.32 லட்சம் கோடி. 2022 டிசம்பரில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. முழு வாக்கியம் இப்படி வரும்: வாங்கியவர் இன்னும் கட்ட வேண்டியவர்தான், ஆனால் வந்திருப்பது மிகக் கொஞ்சம், மீதியின் சுமையை வங்கி, அதாவது பொதுத்துறை வங்கி என்றால் நாம், தாங்கிக்கொண்டிருக்கிறோம். எந்தத் தரப்புப் பேச்சாளராவது இந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாதியை ஒருவர் வைத்துக்கொள்கிறார், மீதிப் பாதியை மற்றவர்.

'இலவசம்' என்ற சொல்லிலும் இதே கதைதான். கொடுக்கிற கட்சிக்கு அது 'விலையில்லா', எதிர்ப்பவர்களுக்கு 'ரேவடி', மிட்டாய் போல அள்ளி வீசுவது என்று இந்தியில் கேலி. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது அரசு இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி என்று நிதியமைச்சரே சொன்னார். அதற்குப் பெயர் ஊக்குவிப்பு. முதலீடு வரும், வேலை வரும் என்பது அவர்கள் தரப்பு நியாயம், அதைப் பேசலாம். பள்ளிக்குழந்தைக்குக் கொடுக்கும் சைக்கிளால் என்ன வந்தது என்பதையும் அதே மாதிரிப் பேசலாமே. ஒன்றை ஆராயவேண்டிய கொள்கையாகவும் மற்றதை வெட்கப்படவேண்டிய பழக்கமாகவும் பெயரிலேயே பிரித்துவிட்டால் அப்புறம் பேச என்ன மிச்சம் இருக்கிறது?

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பெயர்கள் மட்டுமல்ல, வினைமுற்றுகளும் வேலை செய்கின்றன. 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது', 'சில அசம்பாவிதங்கள் நடந்துவிட்டன'. எழுவாயைத் தேடினால் கிடைக்காது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் 1987இல் அமெரிக்க அதிபர் ரீகன் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் நின்று கடுமையான தவறுகள் நடந்துவிட்டன என்ற பொருள்பட இப்படித்தான் சொன்னார். செய்தது யார் என்பதே இல்லாத வாக்கியம். எல்லா ஊரிலும் எல்லா ஆளுங்கட்சிக்கும் இந்தப் '-ப்படும்' பிடிக்கும். செய்தியாளர்கள் யாராவது 'யாரால்?' என்று ஒரு சொல் திருப்பிக் கேட்டாலே போதும், பதில் சொல்பவர் திணறுவார்.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் உங்கள் கடிதத்தில் இருக்கிற சங்கடம். உங்கள் கட்சியின் சொல்லைப் பயன்படுத்துவதா வேண்டாமா? தாராளமாகப் பயன்படுத்துங்கள். அனுதாபியாக இருப்பது குற்றமில்லை, தலைவரி என்று கத்தியவர்களும் கட்சிக்காரர்கள்தான். ஆனால் அடுத்த முறை குழுவில் ஒரு சொல் வந்து விழும்போது, அதை மேலே அனுப்புமுன், அந்தச் சொல்லே இல்லாமல் விஷயத்தை நாலு வரியில் தட்டச்சு செய்து பாருங்கள். முடிகிறது என்றால் அந்த நாலு வரியையும் சேர்த்தே அனுப்புங்கள். முடியவில்லை என்றால், இதற்கு என்ன அர்த்தம், யாருக்கு எவ்வளவு போகிறது என்று குழுவிலேயே கேளுங்கள். சிலருக்குப் பிடிக்காது, எதிரணியின் ஆள் என்றுகூடச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் கோபப்படாமல் அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.