பட்டறை பதில்கள்

கேள்வி: குளியலறைக் கதவின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. 1 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு வாங்கி, 3 மி.மீ. ஆங்கிள் சட்டத்தில் நானே ரிவிட் அடித்தேன். துளை 5 மி.மீ.; ரிவிட் 4 மி.மீ. அலுமினியம், நீளம் 6. இப்போதே தகடு ஆடுகிறது. “கை ரிவிட்டருக்குப் பலம் போதாது, நீளக் கைப்பிடி உள்ளதை வாங்குங்கள்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வாங்குங்கள், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. ரிவிட்டர் செய்வது, ரிவிட்டின் நடுவே நீளும் கம்பியை இழுத்து மறுமுனையை விரியவைப்பதுதான். 4 மி.மீ. அலுமினிய ரிவிட்டைப் பழைய ரிவிட்டரே ஒற்றைக் கையில் இழுத்துவிடும். பாவம், அதைத் திட்டாதீர்கள். 4.1 போட வேண்டிய துளையை 5 போட்டது நீங்கள். நீளமும் தவறு. தகடும் ஆங்கிளும் சேர்ந்து 4 மி.மீ.; அதோடு ரிவிட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 6, சேர்த்தால் 10 வேண்டும். மறுபக்கம் 2 மி.மீ. மட்டும் எட்டிப் பார்த்தால் அது எங்கே விரிந்து பிடிக்கும்?

போட்ட துளையைச் சுருக்க முடியாது. இனி அதற்குப் பொருந்துவது 4.8 ரிவிட், 12 நீளம். இரும்பு ரிவிட்டாகக் கேளுங்கள். ஓயாத ஈரத்தில் இரும்பை ஒட்டிய அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். இரும்பு 4.8-ஐ ஒற்றைக் கையால் இழுத்தால் மணிக்கட்டு கழன்றுவிடும். நீளக் கைப்பிடி தேவைப்படுவது இதற்குத்தான்.

வாங்கும்போது ஒரு ரிவிட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் கம்பி ரிவிட்டரின் மூக்கில் தடையின்றி நுழைய வேண்டும், லொடலொடவென்று ஆடவும் கூடாது. உள்ளே கம்பியைக் கவ்வும் தாடை தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முதலில் தேய்வது அதுதான்.

பழைய ரிவிட்டின் தலையை 4 மி.மீ. பிட்டால் குடைந்து எடுங்கள். துளையோரப் பிசிரை அரத்தால் நீக்கிப் பிரைமர் தடவுங்கள். பிசிர் இருந்தால் தகடு சட்டத்தோடு படியாது. காய்ந்ததும் இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, தகட்டுப் பக்கமிருந்து ரிவிட்டைச் செருகுங்கள். மூக்கு ரிவிட்டின் தலையில் நேராக அழுந்தியிருக்கட்டும். ஒரே இழுப்பில் கம்பி அறுபடாவிட்டால் பதற வேண்டாம். கைப்பிடிகளை முழுதாக விரித்து, மூக்கை மறுபடி தலைவரை அழுத்தி இழுங்கள். அறுந்த கம்பியை உடனே வெளியே தட்டிவிடுங்கள், அடுத்த ரிவிட் நுழைய வேண்டுமே!