மேடைப் பேச்சு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவும் காதில் விழவில்லை என்கிறார்கள். குரலை உயர்த்தினால் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, உங்களுக்கு மூச்சுதான் போதவில்லை. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. ‘இந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை’ என்பதில் ‘வில்லை’ அமுங்கினால், ஏற்றீர்களா மறுத்தீர்களா என்றே தெரியாது. மூச்சு தீரும் இடத்தில்தான் வாக்கியத்தின் உயிர் இருக்கிறது.

முதலில் மல்லாந்து படுத்து, ஒரு கையை வயிற்றிலும் மற்றதை மார்பிலும் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிற்றில் உள்ள கைதான் எழ வேண்டும். மார்பும் தோளும் மட்டும் எழுந்தால் அது மேல்மூச்சு; அரை வாக்கியத்துக்குக்கூடத் தாங்காது. இது பழகியபின் நின்றுகொண்டு, 4 எண்ணும்வரை இழுத்து, ‘ஸ்ஸ்’ என்ற ஒலியோடு 12 எண்ணும்வரை ஒரே சீராக விடுங்கள். நாளடைவில் 20 வரை போகலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, பேச்சின் ஒரு பத்தியை எடுத்து, பொருள் முறியாத இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கோடு ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். காற்று தீர்ந்த பிறகு அல்ல, கோடு வந்ததுமே மூச்சு வாங்க வேண்டும். பயிற்சியில் ஒரு வாரம் வினைச்சொல்லை மட்டும் வேண்டுமென்றே அழுத்திச் சொல்லுங்கள். மேடையில் அது தானாகவே அளவாக வந்து நிற்கும். கைப்பேசியில் பதிவு செய்யும்போது அதைப் பத்தடி தள்ளி வையுங்கள். வாயருகே வைத்தால் விழுங்கிய சொல்லும் தெளிவாகப் பதிவாகி, குறையே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: ‘தழை’ என்றால் ‘தளை’ என்றே வருகிறது. நாக்கை எங்கே வைப்பது?

பதில்: இரண்டுக்கும் நாநுனி மேல்நோக்கி வளைகிறது. ளகரத்தில் அது அண்ணத்தைத் தொடும். ழகரத்தில் நெருங்கும், தொடாது. லகரத்துக்கு வளைவே வேண்டாம், மேற்பல்லுக்குப் பின்னால் ஈறைத் தொட்டால் போதும். வேகமாகப் பேசும்போது நாக்கு அவசரப்பட்டுத் தொட்டுவிடுவதால்தான் ‘தளை’ ஆகிறது. ‘ழ்ழ்ழ்’ என்று நீட்டுங்கள். காற்று நாக்கின் நடுவே போக வேண்டும். பக்கவாட்டில் போனால் அது ளகரம். பிறகு வலி-வளி-வழி, தலை-தளை-தழை என்று மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். டெமாஸ்தனிஸ் என்ற கிரேக்கப் பேச்சாளர் வாயில் கூழாங்கல்லை வைத்துப் பழகியதாகச் சொல்வார்கள். அதை மட்டும் முயல வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: மைக்கில் ‘ப’ வரும்போதெல்லாம் ‘பட்’டென்று வெடிக்கிறது.

பதில்: வாயிலிருந்து பாயும் காற்று நேராக மைக்கில் மோதுகிறது. ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள். ஒலிபெருக்கியில் ‘கீ’ என்ற ஊளை கிளம்ப அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மனப்பாடம் செய்யலாமா?

பதில்: தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்களையும் முடிவின் இரண்டையும் மட்டும் செய்யுங்கள். முழுவதையும் உருப்போட்டால் ஒரு சொல் மறந்தாலும் அடுத்ததைப் பிடிக்க முடியாது. நடுப்பகுதிக்கு ஓர் அட்டையில் ஆறேழு குறிப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.