சிங்கப்பூர் டு நியூயார்க்: எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம்?

நடுவுல எங்கயும் நிக்காம சிங்கப்பூர்லேருந்து நேரா நியூயார்க் போற இந்த நான்ஸ்டாப் ஃப்ளைட் பத்தி நிறைய கேள்வி சேர்ந்துருச்சு, எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

கே: தூரம் 15,300 கி.மீ.ன்னு போட்டிருக்கு, ஆனா நான் போன ஃப்ளைட்ல ஸ்க்ரீன்ல 16,500க்கு மேல காட்டுச்சே, எது சரி?

ரெண்டுமே சரிதாங்க. ஒரு குளோப் எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு நூலை இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க, நூல் கிட்டத்தட்ட வட துருவத்து மேலயே போகும், ஏன்னா சிங்கப்பூரும் நியூயார்க்கும் உருண்டையோட எதிரெதிர் பக்கம், அந்தக் குறுக்கு வழிதான் 15,300. ஆனா பைலட்டுக்கு கி.மீ. கணக்கு பெருசில்ல, நேரமும் எரிபொருளும்தான் கணக்கு. பசிபிக் மேல மேற்குலேருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஓடுது, குளிர்காலத்துல மணிக்கு 200 கி.மீ. கூட தாண்டும், 900ல போற விமானம் அதுல ஏறிக்கிட்டா தரைக்கணக்குல 1,100ல பறக்கும், அதனால ஆயிரம் கி.மீ. சுத்திப் போனாலும் சீக்கிரமா போய்ச் சேரலாம். எனக்கு இந்த ரூட்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

கே: அப்போ திரும்பி வர்றப்ப எதிர்க்காத்துல மாட்டுமா?

அதே வழில வந்தா மாட்டும். அதனால பல நாள் அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா பக்கமா வருவாங்க, அதாவது போறதும் கிழக்கே வர்றதும் கிழக்கே, மொத்தத்துல உலகத்தையே ஒரு சுத்து! எந்த வழின்னு அன்னன்னிக்கு காத்தைப் பார்த்துதான் முடிவு பண்ணுவாங்க.

கே: டிக்கெட்ல பதினெட்டரை மணிக்கு மேல போட்டிருக்கு, தம்பி பதினேழரைலயே இறங்கிட்டானாம்?

டிக்கெட்ல இருக்கறது கேட்டை விட்டு நகர்றதுலேருந்து அந்தப் பக்கம் கேட்ல நிக்கிற வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, க்யூல நிக்கிறது எல்லாம் அதுல அடக்கம்.

கே: சிங்கப்பூர்ல ஞாயிறு மதியம் 12க்கு ஏறினா என்னைக்கு இறங்குவோம்?

அதே ஞாயிறு சாயங்காலம். நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரை விட கோடைல 12 மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல 13. வர்றப்ப திங்கள் ராத்திரி ஏறினா புதன் காலைலதான், லீவு போடறப்ப இதை மறந்துடாதீங்க.

கே: எக்கானமி சீட்டே காட்டலையே?

கிடையாதுங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018லேருந்து ஓட்டற ஏ350-900 யுஎல்ஆர்ல (ரொம்ப தூரம் பறக்கறதுக்குன்னே செஞ்ச விமானம்) மொத்தமே 161 சீட், பிசினஸ் 67, பிரீமியம் எக்கானமி (சாதா எக்கானமிக்கு ஒரு படி மேல) 94, அவ்ளோதான். 1,65,000 லிட்டர் எரிபொருள் வரைக்கும் கொள்ளும், அந்த எடையோட ஆளையும் நிறைய ஏத்த முடியாது.

கே: அம்மாவுக்கு 68 வயசு, கால் வீங்கும். நான்ஸ்டாப்ல கூட்டிட்டு போலாமா?

நானா இருந்தா ஃபிராங்க்ஃபர்ட்ல நின்னு போற ஃப்ளைட்தான் போடுவேன். நாலஞ்சு மணி நேரம் கூடும்தான், ஆனா நடுவுல இறங்கி நல்லா நடக்கலாம், எக்கானமியும் இருக்கு. எதுல போனாலும் நடைபாதை ஓரத்து அய்ல் சீட் வாங்கிக் குடுங்க, தண்ணி குடிக்க வைங்க, மணிக்கு ஒரு தடவ எழுப்பி நடக்க விடுங்க, காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் போடலாமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க.