உரிமைக்கு ஓர் எண்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர், ஜாப் ஒர்க், சம்பளம் எல்லாம் பார்க்கிற வெப் சாஃப்ட்வேர் செய்து தருகிறோமுங்க. டிசி (டெலிவரி சலான்) போடலாமா, பில் போடலாமா, ரேட் பார்க்கலாமா என்று யூசர் டேபிளில் ஆம்/இல்லை ஃபீல்டுகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் பிட்டாக்கி (0 அல்லது 1 மட்டும் வைக்கும் ஓர் இடமாக்கி) ஒரே எண்ணில் கூட்டி வைத்துவிட்டால் போதுங்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஒரே எண்ணில் வைக்கலாம், கூட்டி வைக்கக் கூடாது. பிட் உரிமைகளில் வரும் கோளாறுகளில் பல, அந்த எண்ணைக் கணக்குப் போடுகிற எண்ணாக நினைப்பதால் வருபவை.

முதலில் ஒவ்வோர் உரிமைக்கும் இரண்டின் அடுக்கு ஒன்றைக் கொடுங்கள். ஆர்டர் பார்க்க 1, ஆர்டர் போட 2, டிசி போட 4, பில் போட 8, ரேட் பார்க்க 16, வாரச் சம்பளம் அப்ரூவ் செய்ய 32. பைனரியில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறையில்) எழுதினால் இவை ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடத்தில்தான் 1 இருக்கும். அதனால் ஒன்று இன்னொன்றின் இடத்தைத் தொடாது. லினக்ஸில் ஃபைலுக்கு 755 என்று பர்மிஷன் கொடுப்பதும் இதே முறைதான்: படிக்க 4, எழுத 2, இயக்க 1.

கட்டிங் மாஸ்டருக்கு ஆர்டர் பார்க்கவும் டிசி போடவும் வேண்டும் என்றால் அவருடைய எண் 5. இனி மூன்றே வேலைகள். இவற்றில் | குறி, இரண்டு எண்களில் ஏதாவது ஒன்றில் 1 உள்ள இடமெல்லாம் 1 வைக்கும்; & குறி, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வைக்கும்; ~ குறி பிட்டுகளைத் தலைகீழாக்கும்; === இரண்டும் சமமா என்று கேட்கும்:

கொடுக்க: உரிமை = உரிமை | 16
எடுக்க: உரிமை = உரிமை & ~4
சரிபார்க்க: (உரிமை & 8) === 8

5 | 16 என்றால் 21. அதிலிருந்து டிசியை எடுத்தால் 21 & ~4, அதாவது 17. கொடுத்ததையே மறுபடி கொடுத்தாலும், இல்லாததை எடுத்தாலும் எண் மாறாது. கூட்டல் கழித்தலில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏற்கனவே 5 இருப்பவருக்கு இன்னொரு முறை டிசி உரிமையைக் கூட்டினால் 9 ஆகும். 9 என்பது 8-உம் 1-உம். டிசி போய், பில் போடும் உரிமை வந்து உட்கார்ந்துவிட்டது! கழித்தல் இதைவிட மோசம். 5 இருப்பவரிடமிருந்து இல்லாத 8-ஐக் கழித்தால் -3. கம்ப்யூட்டர் நெகட்டிவ் எண்ணை வைக்கும் முறையில், -3-இல் 2-க்கான பிட் தவிர மற்ற எல்லா பிட்டும் 1. கட்டிங் மாஸ்டர் சனிக்கிழமைச் சம்பளத்தை அப்ரூவ் செய்யலாம், ஆர்டர் மட்டும் போட முடியாது. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் அந்த ஃபீல்டை அன்சைன்டு (நெகட்டிவ் எண்ணை ஏற்காதது) என்று வையுங்கள். ஸ்ட்ரிக்ட் மோடில் (தவறான மதிப்பை ஏற்காத அமைப்பில்) -3 உள்ளே நுழையாமல் எரர் வரும்.

எக்ஸார் (^) போட்டு உரிமையை எடுக்கச் சொல்லும் உதாரணங்களையும் பார்த்திருப்பீர்கள். அது இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் கொடுத்துவிடும். சேவ் பட்டனை யாராவது இரண்டு முறை அமுக்கினால் எடுத்த உரிமை திரும்பி வரும்.

இன்னொன்று: எண்ணை யூசர் டேபிளிலிருந்து படித்து, கோடில் மாற்றி, திரும்ப எழுதாதீர்கள். இரண்டு அட்மின்கள் ஒரே நேரத்தில் மாற்றினால் முதலில் எழுதியவர் கொடுத்தது அழிந்துபோகும். அப்டேட் கட்டளைக்குள்ளேயே உரிமை = உரிமை | 16 என்று எழுதினால் டேட்டாபேஸே வரிசைப்படுத்திக்கொள்ளும்.

கேள்வி: மஞ்சள் மண்டிக்கான சாஃப்ட்வேர், நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டுவது) எழுதியது. பில் ரத்து செய்யும் உரிமை 8. ஏலப் பதிவைப் பார்க்க மட்டும் உரிமை (1) உள்ளவரும் ரத்து செய்துவிடுகிறார். உரிமை & 8 === 8 என்றுதான் எழுதியிருக்கிறோம். என்னங்க தப்பு?
– வாசகி, ஈரோடு

பதில்: அடைப்புக்குறி இல்லை, அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் === முதலில் நடக்கும், & பிறகுதான். 8 === 8 உண்மை; உண்மை என்பது 1 ஆகிறது; கடைசியில் நீங்கள் சோதிப்பது உரிமை & 1. அதனால் 1 இருக்கும் எல்லோருக்கும் வழி திறக்கிறது. 8 மட்டும் வைத்திருப்பவருக்கோ கதவு சாத்தியிருக்கும். அதையும் சோதித்துப் பாருங்கள். சி மொழியிலிருந்து வந்த வரிசை இது, பிஎச்பியிலும் இப்படியே. பைத்தானில் & முதலில் நடப்பதால், அங்கே எழுதிப் பழகியவர்கள் இங்கே சறுக்குவார்கள். ஜாவா இந்த வரியைக் கம்பைல் செய்யவே விடாது.

சோதனையை ஒரே ஃபங்ஷனில் எழுதி எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். உண்மையில் இரண்டு ஃபங்ஷன் வேண்டும். கேட்ட எல்லாம் இருக்கிறதா என்றால் (உரிமை & தேவை) === தேவை. ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் (உரிமை & தேவை) !== 0. முதல் ஃபங்ஷனுக்குத் தேவை என்ற இடத்தில் தவறி 0 போனால் எல்லோருக்கும் ஆமாம் என்றே பதில் வரும். 0 வந்தால் எரர் எழுப்புங்கள்.

கேள்வி: பம்ப்செட் சர்வீஸ் ஆப், ஜாவாஸ்கிரிப்ட்டில். 33-ஆவது உரிமையைச் சேர்த்தோம். அதை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆனாலும் பல பேருக்கு இருப்பதாகக் காட்டுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஜாவாஸ்கிரிப்ட்டின் பிட் குறிகள் 32 பிட் சைன்டு (நெகட்டிவும் வரக்கூடிய) எண்ணில்தான் வேலை செய்யும். << குறி பிட்டுகளை இடப்பக்கம் தள்ளும். 1 << 32 என்றால் திரும்ப 1. உங்கள் 33-ஆவது உரிமையும் முதல் உரிமையும் ஒரே பிட். 1 << 31 போட்டால் -2147483648 வரும். ஆகவே நிம்மதியாகப் பயன்படுவது 31 உரிமைகள்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண்ணுக்கான வகை). ஆனால் பிக்இன்ட்டையும் சாதாரண எண்ணையும் ஒரே கணக்கில் கலந்தால் எரர். ஜேசானாக (தகவல் அனுப்பும் எழுத்து வடிவமாக) மாற்றினாலும் எரர். எழுத்துச் சரமாகத்தான் அனுப்ப வேண்டும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியும் தன் ஏபிஐயில் (மற்ற மென்பொருள்கள் அதனுடன் பேசும் வழியில்) உரிமை எண்ணைச் சரமாகத்தான் அனுப்புகிறது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் பிக்இன்ட் ஃபீல்டும் நோட் ஜேஎஸ்ஸுக்குச் சரமாகவே வந்து சேரும்; அதை மாற்றாமல் & போட்டால் மேல் பிட்டுகள் சத்தமில்லாமல் வெட்டுப்படும்.

எங்களைக் கேட்டால், 31-ஐத் தாண்டியவுடன் பிக்இன்ட்டைத் தேடாமல் பட்டியலை ஒருமுறை பாருங்கள். மோட்டார் ரிப்போர்ட் பார்க்க, வால்வு ரிப்போர்ட் பார்க்க என்று ஸ்கிரீனுக்கு ஒரு பிட் வைத்திருந்தால் 64 பிட்டும் போதாது. அப்போது உரிமைக்கென்று தனி டேபிள்தான் சரி.

கேள்வி: கொப்பரை குடோன் இரண்டு. ஒரு கிளார்க் கிணத்துக்கடவில் சரக்கு ஏற்றலாம், ஆனைமலையில் பார்க்க மட்டும்தான். பிட்டில் முடியுமா? ஒருவருக்கே இரண்டு ரோல் (வேலைப் பொறுப்பு) இருந்தால் எப்படிச் சேர்ப்பது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: என்ன செய்யலாம் என்பதைப் பிட் சொல்லும். எங்கே, எந்தத் தேதி வரை, யார் கொடுத்தது என்பதைச் சொல்லாது. யூசர், குடோன், உரிமை என்று மூன்று ஃபீல்டுள்ள டேபிள் போடுங்கள். யூசரும் குடோனும் சேர்ந்து பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது). கிணத்துக்கடவு வரியில் 7, ஆனைமலை வரியில் 1. யார் எப்போது மாற்றினார் என்பதற்குத் தனி லாக் டேபிள். பழைய எண், புதிய எண் இரண்டையும் அதில் எழுதுங்கள்.

ரோல்களைச் சேர்க்க டேட்டாபேஸில் பிட்_ஆர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, கூட்டுகிற சம் ஃபங்ஷன் வேண்டாம். ஸ்டோர் ரோல் 5, கணக்கு ரோல் 9 என்றால் சரியான விடை 13. கூட்டினால் 14: பார்க்கும் உரிமை (1) போய், யாரும் தராத 2 வரும். ரோலே இல்லாதவருக்கு மைஎஸ்க்யூஎல் 0 தரும், போஸ்ட்கிரஸ் நல் (null, மதிப்பே இல்லை என்பது) தரும். அங்கே நல்லை 0 ஆக்கிவிடுங்கள். வேறு வேறு குடோன் வரிகளை மட்டும் பிட்_ஆர் செய்யாதீர்கள். ஆனைமலையில் சரக்கு ஏறிவிடும்.

கேள்வி: லாகின் டோக்கனுக்குள் (லாகின் ஆனவருக்குக் கொடுக்கும் அடையாளச் சீட்டுக்குள்) உரிமை எண்ணை வைத்திருக்கிறோம். பில் உரிமையை எடுத்த பிறகும் அந்த யூசர் பில் போடுகிறார்.
– வாசகி, கரூர்

பதில்: டோக்கன் காலாவதியாகும் வரை பழைய எண்தான் பேசும். பட்டனைக் காட்டவோ மறைக்கவோ டோக்கன் எண் போதும். பில், பணம், சம்பளம் போன்றவற்றுக்கு சர்வரில், ஒவ்வொரு முறையும், டேட்டாபேஸ் எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: முட்டை லோடு அனுப்பும் ஆப், பைத்தானில். உரிமைப் பட்டியலின் நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாமுங்களா?
– வாசகர், நாமக்கல்

பதில்: கூடாது. பைத்தானின் பிட் பட்டியல் வகையான இன்ட்ஃப்ளாகில் ஆட்டோ (மதிப்பைத் தானே போட்டுக்கொள்வது) போட்டு எழுதியிருந்தால் நடுவில் நுழைத்த வரிக்குக் கீழே உள்ள எல்லா மதிப்பும் இரட்டிப்பாகும். டேட்டாபேஸில் இருக்கும் எண்களோ பழையபடியே கிடக்கும். மதிப்புகளை 1, 2, 4 என்று கையால் எழுதுங்கள், புதியதைக் கடைசியில் சேருங்கள். கைவிட்ட உரிமையின் பிட்டை வேறொன்றுக்குத் தருவதற்கு முன் எல்லா யூசர்களிடமும் உரிமை & ~பழையது என்று ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ரோல் டேபிளிலும் ஓட்ட வேண்டும். பலர் விட்டுவிடுவது அங்கேதான்.