ஒரே மூச்சில் படிக்கிற சட்டம்

கேள்வி: என் மகள் தருமபுரியில் சட்டம் படிக்கிறாள். சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தை ஒரே ஒரு பேராசிரியர்தான் எழுதினார் என்று வகுப்பில் சொன்னார்களாம். உண்மையா அய்யா?
- வாசகி, காரிமங்கலம்

பதில்: உண்மைதான் அம்மா. அவர் பெயர் ஓய்கன் ஹூபர். வரைவு அவருடையது, நிறைவேற்றியது நாடாளுமன்றம்.

1849-இல் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டுப் பத்திரிகையில் வேலை பார்த்தார். அப்புறம் அப்பன்செல் மலைப்பக்கம் ட்ரோகன் என்ற சிற்றூரில் விசாரணை அதிகாரி. 1880-இல் பாசல் நகரில் பேராசிரியர் ஆனார். பிறகு ஜெர்மனியின் ஹாலே, 1892 முதல் பெர்ன்.

அன்றைக்குச் சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். காரிமங்கலத்தில் ஒரு வாரிசுமுறை, ஆற்றைத் தாண்டிக் காவேரிப்பட்டணம் போனால் வேறு என்றால் எப்படி இருக்கும்? அப்படி. ஹூபர் அத்தனை மாநிலச் சட்டங்களையும் திரட்டி நான்கு பாகங்களாக எழுதினார். அந்த உழைப்பைப் பார்த்துத்தான் நாட்டுக்கே ஒரு சட்டம் எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். 1907 டிசம்பர் 10 அன்று ஒருமனதாக நிறைவேறி, 1912 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1926-இல் துருக்கியும் அதையே எடுத்துக்கொண்டது.

எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் வேறு. ஒரு பிரிவில் மூன்று பத்திக்கு மேல் கூடாது, ஒரு பத்திக்கு ஒரே வாக்கியம், அதையும் ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதினார். நான் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன். ஒருமுறை பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் கிரயப் பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன்' என்று ஒன்றரைப் பக்கம் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடியது. கேட்டு முடித்தவர், "சாமி, இதுல என் கெணறு வருதா, வரலியா?" என்றார். கிணற்றில் பாதிப் பங்கு அவருக்கு உண்டு. அது எந்த வரியில் இருக்கிறது என்று எனக்கே தேடித்தான் சொல்ல முடிந்தது. அன்று முதல் கிணறு, வழி, வரப்பு ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக எழுத ஆரம்பித்தேன்.

உங்கள் மகளை முதல் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். சட்டத்திலும் வழக்காற்றிலும் விடை இல்லாவிட்டால், தானே சட்டம் இயற்றுபவராக இருந்தால் என்ன விதி வகுப்பாரோ அதன்படி நீதிபதி தீர்க்கட்டும் என்கிறது அது. பெரிய நம்பிக்கை அம்மா அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1910-இல் மனைவி லீனா இறந்துபோனார். அதன்பின் பல வருஷம் அவருக்கு ஹூபர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார், அன்றன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லி. 1923-இல் பெர்னில் காலமானார்.